சொல்வதை எழுதுபவர்

அரசாணையில் என் பெயர் அதுதான்.
சொல்வதை எழுதுபவர்.
சொல்லாததை எழுதக் கூடாது.
இருமிக்கூட உதவக் கூடாது.

எழும்பூரில் ஒரு பள்ளி, இரண்டாம் மாடி, தனி அறை.
அலமாரி மேல் உடைந்த குளோப்,
ஆப்பிரிக்கா சுவரைப் பார்த்தபடி.
எதிரே பத்தாம் வகுப்பு மாணவி.
ஹால் டிக்கெட்டில் செலஸ்டினா மேரி.
அவளே எழுதினால் அந்தப் பெயரில்
இரண்டு எழுத்து இடம் மாறி உட்காரும்.
"நாப்பது தடவ எழுதச் சொன்னாங்க சார்,
நாப்பதும் வேற வேற மாதிரி வந்துச்சு"
என்று சிரித்தாள், வினாத்தாள் வருவதற்கு முன்.

சமூக அறிவியல். படித்துக் காட்டினேன்.
நகர்ப்புற வெள்ளத்திற்கான காரணங்கள் யாவை?
ஐந்து மதிப்பெண்.

ஐந்தும் எனக்குத் தெரியும்.
குரோம்பேட்டை டியூஷனில், விடியற்காலை நாலரைக்கு,
தலையை முன்னும் பின்னும் ஆட்டி ஏற்றியவை
பதினெட்டு வருடம் கழித்தும் வரிசை குலையாமல் வரும்.
நான்காவதை மறந்தால் ஐந்தாவதும் வராது,
அப்படி ஒரு கயிறு.
அந்தக் கயிற்றில் ஏறித்தான்
மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தேன்.

அவள் வெகுநேரம் பேசவில்லை.
டெஸ்க்கில் விரலால் ஒரு கோடு இழுத்தாள், வளைத்தாள்,
முனையில் தண்ணீர் பாட்டில் மூடியை வைத்து அடைத்தாள்.

"மழ புதன்கிழமயே நின்னுடுச்சு.
எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தது வியாழக்கிழம.
அப்போ மழ மட்டும் காரணம் இல்ல.
எழுதுங்க சார்."

எழுதினேன்.

"வாசல் வழியா வரல, பாத்ரூம் ஓட்ட வழியா வந்துச்சு.
அப்போ தெருத்தண்ணி இல்ல. கூவம் பின்னாடி திரும்பியிருக்கு.
ஆறு ஏன் பின்னாடி வரணும்?
போற எடத்துல எடம் இல்லன்னாதான வரும்.
அன்னிக்கு அமாவாச.
அப்பா சிந்தாதிரிப்பேட்ட மார்க்கெட்டுக்கு மீன் வண்டி ஓட்றாரு.
அமாவாசன்னா கடல் ஏறி நிக்கும்னு
காசிமேட்டுல சொல்வாங்களாம்.
ஏறி நிக்கிற கடல் ஆத்த எப்படி வாங்கும்?"

கேள்விக்குறியா, என்றேன்.
"ஆமா, போடுங்க."
ஒரு விடைக்குள் கேள்விக்குறி
என் வாழ்நாளில் நான் போட்டதில்லை.
முதல் முறை, அதுவும் வேறொருத்தியின் தாளில்.

"மொத்தம் ஒரே பாயிண்டுதான் சார் இருக்கு.
போதுமா?"

சொல்லக் கூடாது.

திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும்.
அதில் அமாவாசை இருக்காது, பாத்ரூம் இருக்காது.
ஆக்கிரமிப்பு என்ற ஒற்றைச் சொல்
என் நாக்கில் ஒரு மார்க்காக உட்கார்ந்திருந்தது.
விழுங்கினேன்.
நேர்மையா, பறக்கும் படை மேல் பயமா,
இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மற்றவர்கள் போன பிறகும் அவளுக்கு ஒரு மணி நேரம் உண்டு.
காலி மைதானத்தைப் பார்த்தபடி
மூடியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.
எங்கே வைத்தால் தண்ணீர் போகும் என்று
பார்த்திருப்பாள் போல.
அந்தக் கேள்வி வினாத்தாளில் இல்லை.

மே மாதம் முடிவுகள் வந்தன.
அவள் பதிவெண் எனக்கு மனப்பாடம்.
பிறந்த தேதியும் கேட்கிறது இணையதளம்.
அது தெரியாது.

இப்போது நவம்பர். சூளைமேடு.
மழை விட்டு ஒரு நாள் ஆகிறது,
மாடிப்படியின் இரண்டாவது படி வரை தண்ணீர்.
கீழ்வீட்டு முபாரக் வாளியோடு நின்று
வானத்தைத் திட்டுகிறார்.
வானத்தில் ஒரு மேகம் இல்லை.
நான் உள்ளே போய் நாள்காட்டியைப் பார்த்தேன்.
அமாவாசை இல்லை,
பௌர்ணமி.

பௌர்ணமிக்கும் கடல் ஏறுமா?
நான் படித்த எந்தப் பக்கத்திலும் இல்லை,
அல்லது இருந்து, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
கூவம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று
போய்ப் பார்க்க வேண்டும்.